ஆளுக்கு ரெண்டு கிலோ

வரிசையில் நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நிற்க வைக்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. இரண்டாவது ரகத்தில் எனக்குத் தெரிந்த முதல் ஆள் என் கூடப்பிறந்த தம்பி.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில், எங்கள் சிப்ஸ் கடை இருக்கிறது. பதினெட்டு வருஷமாகத் தராசில் நிற்பது நான்தான். என் வீட்டுக்காரர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கடையில் அவர் வேலை காய்க்குத் தோல் உரிப்பதும் வருகிற போகிறவர்களிடம் பேசுவதும். நேந்திரங்காய் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிறது. தேங்காய் எண்ணெய் தவிர வேறெதிலும் போடமாட்டோம். ஆனியும் ஆடியும் சேர்ந்த சாரல் சீசன்தான் எங்களுக்கு வருஷம் முழுவதற்குமான சோறு.

என் கை வேகம். கால் கிலோ என்று சொல்லி முடிப்பதற்குள் பொட்டலம் கையில் இருக்கும். அள்ளிப் போட்டால் தராசு முள் அசைந்து நிற்கும், இரண்டு துண்டு கூடவோ குறையவோ இருக்காது. கடைக்கு வந்தவரை நிற்க வைப்பது, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திப் பேசுவது மாதிரி என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் வியாபாரம் செய்தேன். பஸ்ஸை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் இறங்கி வந்து வாங்கிப் போகிற டிரைவர்கள் எனக்கு இருந்தார்கள்.

தம்பி டிப்ளமா முடித்து வேலை கிடைக்காமல் இருந்தபோது நான்தான் கடைக்குக் கூப்பிட்டேன். ஆறு வருஷம் இருந்தான். காயை எந்தப் பருவத்தில் வாங்குவது, எண்ணெய் எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது, உப்புத் தண்ணீரை எந்த நேரத்தில் தெளிப்பது எல்லாம் என் பக்கத்தில் நின்று படித்தான். என் மகளைப் பைக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான். பிறகு ஒருநாள், ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கள் கடைக்கு எதிர்ப்புறம் நாற்பது அடி தள்ளி அவனும் சிப்ஸ் கடை போட்டான். திறந்த அன்றைக்குக் காலையில்தான் எனக்கே தெரியும். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, என் கையைப் பார்த்துத் திருடினவன் என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் பேசவே இல்லை. அவன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று நான் ஊரறியச் சொன்னேன்.

அவன் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்பை உள்ளே வைக்காமல் சாலையைப் பார்க்க வைத்தான். தராசு இரண்டு இருந்தும் ஒன்றை மூடியே வைத்திருந்தான். வாணலி சின்னது, ஒரு ஈடு எடுத்தால் பத்துப் பேருக்குக் காணாது. கடை முன்னால் மஞ்சள் கயிறு கட்டி, ஆட்கள் சாலையோரமாக நீளவாக்கில் நிற்கும்படி பண்ணினான். தென்காசியிலிருந்து வருகிற வேன்களுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த முதுகுகள்தான். கயிறு நெடுக, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில், முறுக்கும் கடலை மிட்டாயும் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத் தொங்கும். போதாததற்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: ஆளுக்கு ரெண்டு கிலோ மட்டும்.

அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாருக்கு வேண்டும் ரெண்டு கிலோ? அருவியில் குளித்துவிட்டுத் தலையில் ஈரத் துண்டோடு வருகிற மனுஷன், ஊர் போய்ச் சேரும்வரை கொறிப்பதற்குக் கால் கிலோ வாங்குவான். மிஞ்சினால் அரை. ஆனால் எதிர்க்கடையில் அதே மனுஷன் அரை மணி நேரம் நின்று, மூன்று முறை எட்டிப் பார்த்து, கடைசியில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போவதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒருத்தர் இரண்டு பேரல்ல, வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

எனக்கு வியாபாரம் இல்லாததால் பார்ப்பதற்கு நிறைய நேரம் இருந்தது. முன்னால் நிற்கிறவர் ஒரு கிலோ என்று சொல்லிவிட்டால், பின்னால் நிற்கிறவருக்குக் கால் கிலோ என்று வாய் வராது. இவ்வளவு நேரம் நின்றதற்கு வேனில் உட்கார்ந்திருக்கிற மனைவியிடம் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும்; ஒரு சின்னப் பொட்டலத்தோடு போனால் திட்டு விழும். பிள்ளை ஒவ்வொரு முறுக்காகப் பிடுங்கிக்கொண்டே வரும், அதையும் சேர்த்துத் தராசில் வைப்பார்கள். வாங்கி முடித்ததும் திரும்பி, இன்னும் நிற்கிற கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காததை வாங்கிவிட்ட மாதிரி ஒரு முகம். அதே சிப்ஸ் சாலையைக் கடந்து வந்தால் என்னிடம் நிற்காமலே கிடைக்கும்.

ஒருநாள் ஒரு அம்மா வழி தவறி என் கடைக்கு வந்தாள். பாத்திரம் நிறைய இருந்த சிப்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இங்க ஏன் கூட்டமே இல்ல?" என்றாள். "நீங்க வந்துட்டீங்கல்லா" என்றேன். "எண்ணெய் பழசா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எதிர்ப்பக்கம் போய் வரிசையின் வாலில் நின்றாள். பதினெட்டு வருஷத்தில் என் எண்ணெயை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவர் சர்வீஸில் பாதி, சீசன் டூட்டி என்று அருவிக்கரையில் விசில் ஊதி வரிசையை ஒழுங்குபடுத்தியே கழிந்தது. "ஏட்டி, கூட்டம் இல்லாத நாள்ல வாறவன் ரெண்டு நிமிஷம் தலையைக் காட்டிட்டுப் போயிருவான். ஒரு மணி நேரம் வரிசையில நின்னு வாறவன் இருக்காம் பாரு, அவனை லத்தியைக் காட்டினாலும் அருவிக்கு வெளிய இழுக்க முடியாது. நின்ன நேரத்துக்கு நனையணும்னு நிப்பான்" என்றார். "நாமளும் கொஞ்சம் மெதுவாக் குடுத்துப் பாப்பமே."

அந்த யோசனைக்கு அவரை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுத முடியாது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முயற்சி பண்ணினேன். வந்தவரிடம், "அஞ்சு நிமிஷம் ஆகும்" என்றேன். அவர் என் முன்னால் இருந்த பாத்திரத்தைக் காட்டி, "அதான் இவ்வளவு இருக்கேம்மா" என்றார். கை தானாக அள்ளிக் கொடுத்துவிட்டது. ஏமாற்றுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது, எனக்கு அது இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவானது. எங்களில் பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டிக்கொண்டு வருவது தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. மாப்பிள்ளை வீட்டார் நேரடியாகவே கேட்டுவிட்டார்கள், மாமா முன்னால் நின்று நடத்துவார்தானே என்று. மகளோ வேறெதையும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, பட்டு இன்ன நிறம் என்று சொல்லவில்லை. "மாமா வரணும்மா. வேற யார் கையையும் நான் பிடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

தாய்மாமனுக்குப் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, பெற்றவர்கள் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். ரெண்டு பேருமாக அவன் வீட்டுக்குப் போவோம் என்றார் என் வீட்டுக்காரர். நான் முடியாது என்றேன். அவன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். கடைக்குப் போய்க் கொடுக்கிறேன், ஒரு நிமிஷ வேலை என்றேன். "நானும் வாரேன்" என்றார். "நீங்க வேண்டாம். அவனைப் பாத்ததும் சிரிச்சுப் பேசிருவீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டையும் பத்திரிகையையும் பையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். ஆவணி பிறந்தும் அருவியில் தண்ணீர் குறையவில்லை. அதனால் கூட்டமும் குறையவில்லை.

நேரே முன்னால்தான் போனேன். கயிற்றைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பேன். வரிசையில் நின்ற ஒரு ஆள், "யம்மா, நாங்கள்லாம் வேலை வெட்டி இல்லாமலா நிக்கோம்? பின்னால போய் நில்லுங்க" என்றார். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. தம்பியைப் பார்த்தேன். அவன் குனிந்து வாணலியில் உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். எண்ணெய் சடசடவென்று இரைந்தது. அந்த ஆள் சொன்னது அவன் காதில் விழுந்ததா, விழவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது எங்க அக்கா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் நான் யாரென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிலே, நிக்கேன், நீ எவ்வளவு நேரம் நிறுத்துத என்று பார்க்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு போய்க் கடைசியில் நின்றேன்.

முதல் பத்து நிமிஷம் அவனைத் திட்டினேன். எனக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் ஒரு அம்மா, "இத்தனை பேர் நிக்கிறாங்கன்னா சும்மாவா" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளையும் திட்டினேன். பிறகு வெயில் ஏறியது. அடுத்த ஈடு எண்ணெயில் விழுந்தது. வாசனை வரிசை நெடுக வந்தது. பதினெட்டு வருஷமாகச் சட்டையில், தலைமயிரில், தலையணையில் இருக்கிற வாசனை அது. அன்றைக்கு எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தோளில் பையோடு எனக்குப் பின்னால் வந்து நின்ற ஒருவர், "இங்க நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லாத்தான் இருக்கும்" என்று வந்தது. என் கைப்பக்குவம்தானே, பொய்யா சொல்ல முடியும்?

வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பாத்திரத்தில் பாதிக்கும் கீழே கிடந்தது. ஆளுக்கு ரெண்டு கிலோ வாங்கினால் என் முறை வருவதற்குள் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முன்னால் நிற்கிற குடும்பத்தில் நான்கு பேர், நான்கு பேரும் தனித்தனியாக வாங்குவார்களோ என்று எனக்குக் கவலையாகப் போயிற்று. எதிர்ப்பக்கம் என் கடையில் மூன்று தகரம் நிறைய சிப்ஸ் இருக்கிறது. நான் எதற்கு வந்தேன் என்பதே அந்த நேரத்தில் என் மனசில் பின்னால் போய்விட்டது. பையில் இருந்த தட்டின் விளிம்பு காலில் இடித்துக்கொண்டே இருந்தது, அதைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து முன்னால் வந்தேன். தம்பி கையில் கரண்டியோடு நிமிர்ந்தான். முன் தலையில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பின்னால் நின்ற பைக்காரர், "சீக்கிரம் சொல்லுங்கம்மா, வேன் கிளம்புது" என்றார்.

"எவ்வளவு?" என்றான் தம்பி.

"ரெண்டு கிலோ" என்றேன்.

எடை போட்டான். பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். பொட்டலத்தை நீட்டினான். அடுத்தவர் வந்து என் இடத்தில் நின்றார். சாலையைக் கடந்து என் கடைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பத்திரிகை பையிலேயே இருப்பது உறைத்தது.

என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். இருபது வருஷம் கூட்டத்தை மேய்த்த மனுஷன், மறுபடி காய்க்குத் தோல் உரிக்கக் குனிந்துகொண்டார். மகள்தான் கேட்டாள். "யம்மா, மாமா என்ன சொன்னாவ?"

"எவ்வளவுன்னு கேட்டான்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவரே தனியாகப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். தம்பி பொண்டாட்டி தட்டை வாங்கிக்கொண்டாளாம். அவன் நின்றபடியே பேசினானாம். "அத்தான், யக்கா வந்து 'ஏலே, இந்தா பத்திரிகை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடையை அடைச்சிட்டு அவ பின்னாலயே வந்திருப்பேன். அக்கா எங்கனயாவது தம்பி கடையில வரிசையில நிப்பாளா? நாலு பேர் பாக்க நின்னா. கஸ்டமரா வந்தா, சரக்கு வாங்கினா, காசைக் குடுத்துட்டுப் போனா. என்னை அசிங்கப்படுத்தணும்னே செஞ்சிருக்கா."

"இன்னொரு தரம் போய்க் கூப்பிட்டுட்டு வந்திரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் ஒருதரம் போயாச்சு" என்றேன். கூட்டத்தின் முன்னால் அக்காவை வாலில் போய் நிற்க விட்டவன் அவன். அசிங்கப்பட்டது நான். பிறகு அவனுக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது? அந்த நியாயத்தைக் கல்யாணம் வரை மூன்று வாரம் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். மகள் காதில் விழும்படியும் சொன்னேன்.

முகூர்த்தத்துக்கு அவன் வரவில்லை. என் பெரியம்மா மகன் அச்சன்புதூரிலிருந்து வந்து மாமன் முறையைச் செய்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் தென்காசி மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில் நாங்கள் நின்றோம். கவர் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் மேடைக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். வரிசை மண்டப வாசல்வரை போயிற்று. அதன் கடைசியில் வெள்ளை வேட்டி சட்டையோடு என் தம்பி நின்றான்.

என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். "வரிசையில நிக்காம் பாரு. இறங்கிப் போய்க் கூட்டிட்டு வா" என்றார் காதோரமாக.

"மாமனுக்கு வழி தெரியாதா? நேரா ஏறி வரட்டும்" என்றேன்.

"அவன் வர மாட்டான். நீதான் போணும்."

நான் போகவில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அவனை முன்னால் போகச் சொன்னார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான். படக்காரர் ஒவ்வொருவரையும் நகரச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு யார் யாரோ வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். கண் முழுவதும் அவன்மேல்தான். இருபது பேர், பதினைந்து பேர், பத்துப் பேர். இரண்டு வருஷமாக எதிர்க்கடை வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அத்தனை நேரம் நிற்கிறவன் சும்மா திரும்பிப் போவதற்கு நிற்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் எதற்காக நிற்கிறான் என்பதும் தெரியும். நான் படி இறங்கிப் போய், ஏலே, இங்கன என்ன செய்த, மேல வா என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆறே படி. நான் இறங்கவில்லை. நாலு பேர் பார்க்க என்னை நிறுத்தினவன் நிற்கட்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். எழுத வெட்கமாக இருந்தாலும் உள்ளது இதுதான்.

அவன் முறை வந்தது. ஏறி வந்து மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தான். மகள் "மாமா" என்றாள். படக்காரருக்கு இவன் யாரென்று தெரியாது. "சார், நீங்க ஓரமா நில்லுங்க, அடுத்த ஃபேமிலியும் ஏறட்டும், நேரமாகுது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது என் தம்பி, பொண்ணுக்குத் தாய்மாமன் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். சொல்லவில்லை. அவன் ஓரமாகப் போய் நின்றான். எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு குடும்பம் நடுவில் வந்து நின்றது. படம் எடுத்தார்கள்.

என்னைக் கடந்து போகும்போது அவன் என் முகத்தைப் பார்த்தான். கவரை என் கையில்தான் கொடுத்தான். அந்தப் பக்கப் படி வழியாக இறங்கி, சாப்பாட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்க்காமல், நேரே வாசலுக்கு நடந்தான். என் வீட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கி, "மாப்ள, சாப்பிட்டுட்டுப் போடே" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். அவர் வாசலுக்குப் போவதற்குள் பைக் கிளம்பிவிட்டது. என் மகள் கல்யாணத்தில் அவள் தாய்மாமன் கை நனைக்காமல் போனான்.